சைக்கிள் ஷெட்டும் அரசியல் சட்டமும்

போன மாதம் ஜெபா என் வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடத்தில் என் வேலைக்கு வந்தவள் அவள். இப்போதெல்லாம் பெற்றோர்களைப் பள்ளிக்கூடம் போனிலேயே கேட்டுவிடுகிறதாம். உங்கள் பிள்ளை மறைக்கல்வி வகுப்பில் உட்காரச் சம்மதமா? கீழே இரண்டு கட்டம். ஆம், இல்லை. விரலால் ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது.

“இதுக்கா யக்கா அப்போ ஆபீசரு, வக்கீலு எல்லாம் வந்து வெசாரணை வெச்சாங்க? உன்னைத்தான் நடுவுல நிக்க வெச்சாங்களாமே. இன்னா கேசு அது?” என்றாள்.

நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் எழுதிக் கொடு, ஆண்டு மலரில் போட்டுவிடலாம் என்றாள். அது பரவாயில்லை என்று தோன்றியது. காகிதம் நம் முகத்தைப் பார்க்காது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தப்பையெல்லாம் தமிழ் டீச்சர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வருகிற இடங்களையும் சேர்த்துத் திருத்திவிடுவாரோ என்பதுதான் பயம்.

என் பெயர் லோகநாயகி. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் லோகு ஆயா. என் வீட்டுக்காரர் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். இடுப்பு விட்டுப்போய் அவர் படுத்துவிட்ட பிறகு நான் வேலைக்குக் கிளம்பினேன். பெருக்குவது, துடைப்பது, தண்ணீர் பிடிப்பது, மணி அடிப்பது, வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவி விடுவது, இதற்கெல்லாம் பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்த ஆயா, டீச்சர்கள் சண்டை போடும்போது அந்தப் பக்கம் பெருக்காதே என்று ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். அது கடைசிவரை உதவியது.

பல வருஷம் தற்காலிகமாகவே ஓடியது. அந்த ஆயா ஓய்வு பெற்றதும் நிரந்தர இடம் ஒன்று காலியானது. என்னை அதில் போட்டு, ஒப்புதல் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார்கள். ஒப்புதல் வந்தால் அரசாங்கச் சம்பளம். வராவிட்டால் வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் எங்கள் இரண்டு பேர் வயிறும் காற்றுதான். என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே “வந்துச்சா?” என்று கேட்பார். எது என்று சொல்லமாட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். எங்களுக்குள் அதுதான் அந்த வருஷப் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் இந்தக் கேஸ் வந்தது.

கேஸைச் சொல்லும் முன் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற உயர்நிலைப் பள்ளி. கன்னியாஸ்திரீகள் நடத்துவது. ஆனால் டீச்சர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கும். கட்டடம் கன்னியாஸ்திரீகள் சபையுடையது, டீச்சர்கள் அரசாங்கத்துடையவர்கள். மத்தியானச் சாப்பாட்டு அரிசி அரசாங்கம், சமையல் கொட்டகை சபை. சாம்பாரில் எவ்வளவு அரசாங்கம், எவ்வளவு ஆண்டவர் என்று அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. உப்பு குறைந்தால்தான் கேட்பார்கள்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் பெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் “சரி” என்பார். சந்தோஷம் வந்தாலும் “சரி”தான். இது எந்தச் சரி என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களைத்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் சீனியர் டீச்சர் என்று சொல்வது. எவ்வளவு பெரிய பிரச்சினையைக் கொண்டுபோனாலும், “கடவுள் பார்த்துக்குவார். ஒரு நகல் எடுத்து வைங்க” என்று இரண்டு வாக்கியத்தில் முடிப்பார். அரசாங்கத்துக்குப் போகிற காகிதத்தில் நீல மையில் கையெழுத்து. பிஷப்பின் மறைமாவட்டத்துக்குப் போகிற காகிதத்தில் கறுப்பு மை. மேஜையில் இரண்டு பேனாவும் இரண்டு பக்கமாக இருக்கும். ஒரு நாளும் மாறியதில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் மற்ற பள்ளிக்கூடங்களில் சாமி படத்தையெல்லாம் கழற்றி உள்ளே வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சிஸ்டர் அதைச் செய்யமாட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சிலுவை. எதிர்ச் சுவரில் அரசாங்கம் அனுமதித்த பணியிடங்களின் பலகை. ஒரே துணியால் முதலில் சிலுவையை, அப்புறம் பலகையைத் துடைக்கச் சொல்வார். “ரெண்டுலயும் தூசி இருக்கக் கூடாது லோகு. ரெண்டு பேருமே பார்ப்பாங்க.”

காலையில் பிரார்த்தனை முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு வகுப்பு. சட்டப்படி கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை. ஆனால் நீதிபோதனை எடுத்த டீச்சர் ஓய்வு பெற்றுப்போய், அந்த இடத்துக்கும் ஒப்புதல் வராமல் கிடந்தது. அதனால் எல்லாப் பிள்ளைகளையும் ஹாலில் ஒன்றாக உட்கார வைத்து சிஸ்டரே நடத்தினார். ஆர்மோனியம் இருந்தது, பாட்டு இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தனசேகர் வருகிற வரைக்கும்.

தனசேகர் தாம்பரம் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் ஊரில் இருந்த சட்டமெல்லாம் அவர் மெஷின் வழியாகத்தான் போய்வந்தது. சூடாக வெளியே வருகிற காகிதத்தில் நாலு வரியாவது படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அவருடைய மகள் யாழினி எங்களிடம் ஆறாம் வகுப்பு. அந்தப் பெண் ஒரு நாள் ராத்திரி வீட்டில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலையில் தனசேகர் ஆபீஸ் ரூம் வாசலில் நின்றார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு எந்த சாமி மேலயும் கோவம் இல்ல சிஸ்டர். என் கடைல எல்லா சாமி காலண்டரும் தொங்கிகினுதான் கீது. என்னைக் கேக்காம செஞ்சீங்க பாரு, அதான் மேட்டரு. இருபத்தெட்டாவது பிரிவு இன்னா சொல்லுதுன்னு தெரியுமா?”

சிஸ்டருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டார். அதில் இரண்டு விஷயம் இருப்பதாகத் தனசேகர் சொன்னார். முழுக்க முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தில் மதம் சொல்லிக் கொடுக்கவே கூடாது. எங்களைப் போல உதவி மட்டும் வாங்குகிற பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் பிள்ளையை அதில் உட்கார வைக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர் சம்மதிக்கவில்லை. சொல்லி முடித்து, அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை மேஜையில் வைத்தார்.

சிஸ்டர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு “சரி” என்றார். தனசேகர் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“லோகு, நாளையிலிருந்து அந்த அரை மணி நேரம் யாழினி உன் பொறுப்பு. சைக்கிள் ஷெட்ல உட்கார வச்சுக்க. மதம் இல்லாம பார்த்துக்க.”

பிள்ளையை வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் செய்திருப்பேன். மதம் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். மறுநாள் சீக்கிரமே வந்து ஷெட்டைப் பெருக்கிவிட்டு, நின்று பார்த்தேன். ஒரு சைக்கிள் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கியது. இன்னொன்றில் பிறை ஒட்டியிருந்தது. கணக்கு டீச்சர் சைக்கிளில் மாதா படம். மூன்றையும் முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தேன். அதற்குமேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

யாழினி வந்து சாக்குப்பையின் மேல் உட்கார்ந்தாள். எட்டுப் பேர் பேச்சை ஒருத்தியே பேசுகிற பெண். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஹாலில் ஆர்மோனியம் ஆரம்பித்தது. அப்புறம்தான் பேசினாள்.

“என்னைக் கேக்காம செஞ்சிட்டாங்கன்னு எங்கப்பா சண்டை போட்டாரு இல்ல? அவரு என்னைக் கேட்டாரா ஆயா? எனக்கு பாட்டு புடிக்கும். இப்ப நான் இங்க சைக்கிள பாத்துகினு உக்காரணும்.”

 பாட்டுக்குத் தகுந்தாற்போல அவள் கால் தாளம் போட்டது. அந்தக் காலை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்று அரை மணி நேரமும் யோசித்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கிற நேரம் வந்துவிட்டது.

அந்தச் செய்தி பிள்ளைகளுக்குள் பரவியது. சைக்கிள் ஷெட்டில் மனப்பாடம் கிடையாது. கையைக் கட்ட வேண்டாம். மேற்பார்வைக்கு லோகு ஆயா, அதட்டவே தெரியாது. அடுத்த வாரமே வீட்டில் போய்ப் பிடிவாதம் பிடித்துச் சம்மதம் இல்லை என்று கடிதம் வாங்கி வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருந்தது. தனசேகர் கடையில் பெயருக்கு இடம் விட்டு டைப் செய்து வைத்திருந்தார். பெற்றோர்களுக்கு அரசியல் சட்டத்தின் மேல் வந்த திடீர் மரியாதையைப் பார்த்து சிஸ்டரே கொஞ்சம் ஆடிப்போனார்.

முதலில் இந்துப் பிள்ளைகள், அப்புறம் முஸ்லிம் பிள்ளைகள். அப்புறம் பெந்தெகொஸ்தே பாஸ்டரின் மகன் சாமுவேல் வந்தான். கத்தோலிக்கப் போதனை எங்களுக்கு ஒத்துவராது என்று அவன் அப்பாவே கைப்பட எழுதியிருந்தார். கடைசியில் மாதா கோவிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் மகனும் ஒரு நாள் ஒரு கடிதத்தோடு வந்து பின்னால் ஒளிந்து உட்கார்ந்தான். கடிதத்தில் அப்பா பெயரே தப்பாக இருந்ததால் அவனை மட்டும் திருப்பி அனுப்பினோம். ஹாலில் சிஸ்டரும் ஆர்மோனியமும் முன்வரிசையும் மிச்சம். ஷெட்டில் கால் வைக்க இடம் இல்லை.

அத்தனை பிள்ளைகளை ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார வைக்க யாராலும் முடியாது. கதை சொல்லலாம் என்றால் எனக்குத் தெரிந்த கதையில் எல்லாம் எங்கேயாவது ஒரு சாமி வந்துவிடும். நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாததால் அவர்கள் பேசினார்கள்.

சந்தோஷ் என்று ஒரு பையன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான், கறுப்பு உடையில் வந்தான். மாலை போட்டவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டான். “டேய் சாமி, தள்ளி உக்காருடா” என்று மற்றவர்களும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். என்னையும் சரணம் சொல்ல வைத்தான். ரெஹானா, தொழுகைக்கு முன்னால் எப்படிக் கை கால் கழுவ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். முழங்கை நனையவில்லை என்றால் என்னைத் திரும்பச் செய்யச் சொல்வாள். ரொம்பக் கண்டிப்பு. கடவுளிடம் பேசப் புத்தகம் எதற்கு, கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னால் போதும் என்று சாமுவேல் சொன்னான். சத்தம்தான் எனக்கு வராது என்றேன். மெதுவாகச் சொன்னாலும் கேட்கும், லேட் ஆகும் என்றான். இவர்களுக்கு நடுவில் யாழினி லீடர். யார் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கொடுப்பாள். கடைசி ஐந்து நிமிஷம் தனக்கு வைத்துக்கொள்வாள். ஹாலில் கற்ற மாதா பாட்டை எல்லோருக்கும் ராகத்தோடு சொல்லிக் கொடுப்பாள்.

ஆக, மதம் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் தாம்பரத்தில் இருந்த எல்லா மதமும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. நான் பேச வேண்டியது இல்லை. அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

ஒரு நாள் சுற்றுச்சுவருக்கு வெளியே கீரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா காதில் சரணமும் அல்லேலூயாவும் ஒன்றாக விழுந்திருக்கிறது. அது தனசேகர் கடைக்குப் போனது. இந்த முறை அவர் சிஸ்டரிடம் வரவில்லை. நேரே கல்வி அலுவலகத்துக்கு மனு போட்டுவிட்டார். என் ஒப்புதல் ஃபைல் கிடந்த அதே மேஜைக்கு அந்த மனுவும் போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் என் பெயர் இருந்ததால் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். விசாரணைக்கு அதிகாரி வருவார், அதைப் பொறுத்துத்தான் ஒப்புதல் என்று பதில் வந்தது.

சிஸ்டர் படித்துவிட்டு “சரி” என்றார். அந்த மாதிரிச் சரி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் “வந்துச்சா?” என்றார். விசாரணை வந்திருக்கிறது என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் ஒரு வாரம் அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

விசாரணை நாள். சபை தரப்பில் செங்கல்பட்டிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அவர் எனக்கு இரண்டே வார்த்தைதான் சொல்லிக் கொடுத்தார். “ஆமாங்க, இல்லீங்க. இது ரெண்டைத் தவிர வேற பேசாதீங்கம்மா.” என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சுலபமான புத்திமதி அதுதான்.

அதிகாரி சட்டைப் பையில் வரிசையாகப் பேனா வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் முதலில் “இது எந்தத் தலைப்புல வரும்?” என்று கேட்பார். தலைப்புக் கிடைத்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். விஷயம் அப்புறம் பெரிதில்லை. வக்கீலுக்குப் பழக்க தோஷம், அவரை “மை லார்ட்” என்று கூப்பிட்டார். முதல் தடவை அதிகாரி வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டாவது தடவை காலரைச் சரி செய்துகொண்டார். அதற்கப்புறம் மை லார்ட் வராத வாக்கியங்களை அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

தனசேகர்தான் முதலில் பேசினார். “ஸ்கூலுக்குக் கவர்மென்ட்டு பாதி, சர்ச்சு பாதி. அத்த உட்ருவோம் சார். இந்தம்மா யாரு? ஒப்புதல் வந்துட்டா உச்சந்தலைலருந்து உள்ளங்கால் வரைக்கும் கவர்மென்ட்டு. முழுசும் கவர்மென்ட் துட்டுன்னா அங்க மதமே கூடாதுன்னு சட்டம் சொல்லுது. அப்போ இந்தம்மா நடத்துற ஷெட்டுல சரணம் போடலாமா?”

என்னை ஒரு பள்ளிக்கூடமாக யாரும் அதுவரை நினைத்ததில்லை. வக்கீல் எழுந்து, சிறுபான்மையினர் தங்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே நடத்திக்கொள்ள முப்பதாவது பிரிவு உரிமை தருகிறது என்றார். சரணம் போட்டது எந்தச் சிறுபான்மை என்று தனசேகர் கேட்டார். வக்கீல் தண்ணீர் குடித்தார்.

அதற்குள் அதிகாரிக்கு டீ வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீ வாங்கி வருவது என் வேலை. ஆகவே விசாரணையை நிறுத்திவைத்து, விசாரிக்கப்பட வேண்டிய நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முனைக் கடைக்குப் போனேன். வந்து ஊற்றிக் கொடுத்தேன். தனசேகருக்குச் சர்க்கரை போதவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, திரும்ப வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன்.

“நீங்க மதம் சொல்லிக் குடுத்தீங்களாம்மா?” என்றார் அதிகாரி.

“இல்லீங்க.”

“அப்ப என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

இதற்கு ஆமாங்கவும் பொருந்தவில்லை, இல்லீங்கவும் பொருந்தவில்லை. நான் தரையைப் பார்த்தேன். காலையில் நான் துடைத்த தரைதான். அதிகாரி விரலை மடக்கினார். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் வகுப்பு நேரம் வீணானது ஒரு தலைப்பு. ஏதாவது சொல்லிக் கொடுத்திருந்தால், ஆசிரியர் அல்லாத பணியாளர் பாடம் நடத்தியது இன்னொரு தலைப்பு. பிள்ளைகளை வைத்து ஷெட்டைப் பெருக்கியிருந்தால் அது வேறு தலைப்பு, அதற்கு வேறு இலாகா. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஒரு தலைப்புத் தயாராக இருந்தது. என் ஒப்புதல் ஃபைல் அவர் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. வீட்டில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷன் நினைவுக்கு வந்தார்.

இடத்தை நேரில் பார்க்க வேண்டும், பிள்ளைகளையும் வழக்கம்போல உட்கார வையுங்கள் என்று அதிகாரி எழுந்தார். எல்லோரும் ஷெட்டுக்குப் போனோம். பிள்ளைகள் சொல்லிவைத்த மாதிரி வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்திருந்த சைக்கிள்களைப் போலவே உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி முன்னால் இருந்த யாழினியிடம் குனிந்தார். தனசேகருக்கு அது தன் பெண் என்று சொல்ல வாய்வரை வந்து, அடங்கியது.

“பாப்பா, ஆயா உங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறாங்க?”

“ஆயா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல சார். ஆயாவுக்குப் பேசவே வராது. நாங்கதான் ஆயாவுக்குச் சொல்லிக் குடுக்கறோம்.”

அதிகாரியின் பேனா நின்றது. இந்தத் தலைப்பு அவரிடம் இல்லை. வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. “மை லார்ட், அப்ப இங்க மாணவி ஆயாதான். மாணவர்களுக்கு யாரும் மதம் போதிக்கலை. கேஸே இல்லை.”

ஆனால் தனசேகர் அதைவிட வேகமாக யோசித்துவிட்டார். மகள் கொடுத்த பாயிண்ட்டை விட அவருக்கு மனசு வரவில்லை. “இருங்க சார். மதம் போதிச்சா சம்மதம் வேணும். மைனர்னா பெத்தவங்க சம்மதம். மேஜர்னா அவங்களே தரணும். ஆயா சம்மதம் குடுத்தாங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் மேஜரா என்று சந்தேகப்படுவது போல.

சம்மதம் என்பது அதிகாரிக்குத் தெரிந்த தலைப்பு. அவர் முகம் தெளிந்தது. இப்போது எழுதி வாங்கினால் போதும் என்றார். எப்படி எழுதுவது என்று சிஸ்டருக்கும் தெரியவில்லை, வக்கீலுக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கடிதம் நாட்டில் அதற்கு முன்னால் எழுதப்பட்டிருக்காது. கடைசியில் மனு போட்ட தனசேகரே ஆபீஸ் ரூம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். சைக்கிள் ஷெட்டில் மாணவ மாணவியர் தத்தம் சமயங்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொள்ள, லோகநாயகியாகிய நான், யாருடைய கட்டாயமும் இன்றி, முழு மனதுடன் சம்மதிக்கிறேன். அடித்து முடித்துவிட்டு ரசித்து ஒரு தடவை படித்தார். நல்ல மனுஷன்தான். அவருக்கு வேண்டியிருந்தது கேட்டுச் செய்ய வேண்டும் என்பது மட்டும்.

கையெழுத்துப் போடப் பேனா வேண்டும். சிஸ்டர் நீலத்தைத் தொட்டார், கறுப்பைத் தொட்டார், இரண்டையும் கொடுக்கவில்லை. அவர் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதிகாரி தன் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து நீட்டினார்.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?”

அதிகாரி, வக்கீல், சிஸ்டர், தனசேகர், நாலு பேரும் என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஃபைல் மேஜையில் இருந்தது.

“இல்லீங்க.”

“முழு மனசோடதானே?”

“ஆமாங்க.”

வக்கீல் சொல்லிக் கொடுத்த இரண்டு வார்த்தையும் இரண்டு இடத்துக்கும் சரியாக உட்கார்ந்துகொண்டன. எனக்குக் கல்யாணம் ஆனபோதும் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் அரசியல் சட்டப்படி.

வெளியே வரும்போது யாழினி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். “சார், எல்லாரையும் கேட்டீங்க. என்னை யாருமே கேக்கலியே.”

“நீ மைனர் பாப்பா. உன் கருத்து எந்தத் தலைப்புலயும் வராது” என்று அதிகாரி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தனசேகர் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் போய், டிவிஎஸ் வண்டிப் பக்கத்தில் நின்றார்கள். அவர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பதில் சொன்னாள். மறுநாள் ஒரு கடிதம் வந்தது. பாட்டு இருக்கிற நாட்களில் யாழினி ஹாலில் உட்காரலாம், மற்ற நாட்களில் ஷெட்டில். கீழே அப்பா கையெழுத்து. அதற்கும் கீழே அவள் கையெழுத்து, அப்பாவுடையதைவிடப் பெரியதாக.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு “சரி” என்றார். இந்தச் சரி எல்லோருக்குமே புரிந்தது.

அந்த மாதமே என் ஒப்புதல் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கேட்காமலே இருந்து பழகிவிட்டார். நானாகவே “வந்துச்சு” என்றேன். அவர் கூரையை விட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்புறம், எந்தச் சாமி புண்ணியம் என்று கேட்டார். ஷெட்டில் படித்தவள் நான், யாரை விட்டாலும் தப்பாகிவிடும். எல்லோரும்தான் என்றேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் பெருக்கினேன், எத்தனையோ சிஸ்டர்கள் வந்தார்கள் போனார்கள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். ஷெட்டை இடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் லேப் கட்டினார்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஆமாங்க, இல்லீங்க இரண்டும் அங்கே பொருந்தாததால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜெபா, நீ கேட்ட கேஸ் இதுதான். இதை இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் யாழினி போன் செய்தாள். பொத்தேரியில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். நம் பள்ளிக்கூடத்தில் இப்போது சின்ன வகுப்புகளும் வந்துவிட்டதால் மகளை இங்கேதான் சேர்த்திருக்கிறாள். அந்த இரண்டு கட்டமும் அவளுக்கும் வந்திருக்கிறது.

“அப்பா மாதிரி பண்ணக் கூடாதுன்னு முதல்ல என் பொண்ணையே கேட்டேன் ஆயா. அவ சைக்கிள் ஷெட்டுதான் வேணும்ங்கிறா. நான் கதை சொல்லிச் சொல்லி மனசுல வெச்சிகினு கீறா. இதுல ஆம் இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு. நான் எதைத் தொடறது?”

பின்னாலிருந்து தனசேகர் குரல் கேட்டது. வயதாகிவிட்டது, ஆனாலும் அதே குரல். “நான் வேணா ஒரு லெட்டரு அடிச்சுத் தரட்டா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் குழந்தை கேட்பது எந்தத் தலைப்பில் வரும் என்று தெரியவில்லை.